பழைய தோட்டத்துக்குள் ஒளி நிறைந்த புது அருங்காட்சியகம்: நெல்சன்-அட்கின்ஸ் விரிவாக்கத்தை முன்வைத்துக் கேள்வி-பதில்

நூறாண்டுப் பழமையான கட்டடம், அதைச் சுற்றித் திட்டமிட்டு வளர்த்த தோட்டம், இடப்பற்றாக்குறை. உலகின் பல அருங்காட்சியகங்கள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. புதுக் கட்டடம் வேண்டும், தோட்டமும் போகக்கூடாது, உள்ளே பகல் வெளிச்சம் வர வேண்டும், அந்த வெளிச்சம் ஓவியத்தைக் கெடுக்கவும் கூடாது. கட்டடக் கலை மாணவர்களும் அருங்காட்சியகப் பணியாளர்களும் இதுபற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, நன்றாகக் கட்டி முடித்த ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு இங்கே பதில் சொல்கிறோம்.

எந்தக் கட்டடம் அது?

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கான்சஸ் சிட்டி நகரிலுள்ள நெல்சன்-அட்கின்ஸ் கலை அருங்காட்சியகம். செய்தித்தாள் அதிபர் வில்லியம் ராக்ஹில் நெல்சனின் வீடு இருந்த நிலத்தில், அவர் விட்டுச் சென்ற சொத்தும் மேரி அட்கின்ஸ் என்ற பள்ளி ஆசிரியை எழுதிவைத்த சொத்தும் சேர்ந்து எழுந்தது. வைட் அண்ட் வைட் நிறுவனம் வரைந்த பழைய கட்டடம் 1933 டிசம்பரில் திறக்கப்பட்டது. சுண்ணாம்புக் கல், உயரமான தூண்கள், இரு பக்கமும் சமச்சீர்.

1999-இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஸ்டீவன் ஹால் தேர்வானார். ‘பிளாக் (Bloch) கட்டடம்’ என்று பெயர் பெற்ற அவரது விரிவாக்கம் 2007 ஜூனில் திறந்தது. நீளம் 840 அடி (சுமார் 256 மீட்டர்), பரப்பு 1,65,000 சதுர அடி. வெளியே நின்று பார்த்தால் இந்தப் பரப்பு தெரியாது. புல்வெளியிலிருந்து எட்டிப் பார்க்கும் ஐந்து வெண்கண்ணாடிப் பெட்டிகள்தான் தெரியும். அவற்றை ‘லென்ஸ்’ என்று அழைக்கிறார்கள். மற்றதெல்லாம் மண்ணுக்கடியில்.

பழைய கட்டடத்தோடு ஒட்டிக் கட்டியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்குமே?

மற்றப் போட்டியாளர்கள் அப்படித்தான் வரைந்தார்கள். விரிவாக்கத்தை வடக்கு முகப்புப் பக்கம் வைப்பதுதான் எதிர்பார்ப்பாக இருந்தது. அப்படிக் கட்டியிருந்தால் 1933-இன் முகப்பு மறைந்திருக்கும். பழைய கட்டடத்தின் பெருமையே அது நான்கு பக்கமும் காற்றோட்டமாகத் தனித்து நிற்பதில் இருக்கிறது. ஒரு முகப்பை மூடினால் மற்ற மூன்றும் அர்த்தமிழந்துவிடும்.

ஹால் நிலத்தின் கிழக்கு ஓரத்தை எடுத்துக்கொண்டார். நிலம் வடக்கிலிருந்து தெற்காகச் சரிகிறது, கட்டடமும் அந்தச் சரிவோடு இறங்குகிறது. வடக்கு முற்றத்தின் பக்கம் நுழைவு லென்ஸ், அங்கிருந்து தரைக்கடியில் பழைய கட்டடத்துக்கு இணைப்பு, பிறகு காட்சிக்கூடங்கள் படிப்படியாகத் தெற்கே கீழிறங்குகின்றன. பழைய கட்டடத்தைக் கல் என்றும் புதியதை இறகு என்றும் அவர் குறிப்பிட்டார். போட்டி போடாமல் எதிர்க்குணத்தோடு பக்கத்தில் நிற்பதுதான் இதிலுள்ள முடிவு.

இந்தத் துறையில் எங்களுக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. நிலத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதும் ஒளி எங்கே நுழைகிறது என்பதும் ஒரே முடிவு. இரண்டையும் இரண்டு குழுக்களிடம் தனித்தனியே கொடுத்து, பின்னால் ஒட்டவைக்க முயன்ற திட்டங்கள்தான் தோட்டத்தையும் கெடுத்து, கூடத்தையும் இருட்டாக்குகின்றன.

‘வரலாற்று நிலப்பரப்பு’ என்றால் மரங்களும் புல்வெளியும் மட்டும்தானா?

இல்லை. கான்சஸ் சிட்டியில் 1930-களில் ஹேர் அண்ட் ஹேர் என்ற நிலப்பரப்பு வடிவமைப்பு நிறுவனம் அமைத்த வளாகம், அதன்மேல் டான் கைலியும் ஜாக்குலின் ராபர்ட்சனும் வடிவமைத்து 1989-இல் திறந்த சிற்பத் தோட்டம், அதற்குள் ஹென்றி மூரின் சிற்பங்கள், 1994-இல் ஓல்டன்பர்க், வான் புரூகன் என்ற சிற்பி இணையர் வைத்த நான்கு ராட்சத இறகுப் பந்துகள் என்று அடுக்கடுக்காக வரலாறு இருக்கிறது. எந்த அடுக்கைக் காப்பது என்பதை வரைபடம் போடும் முன்பே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்யவேண்டியவை: அரை மீட்டர் இடைவெளியில் நில உயரக் கோடுகள். ஒவ்வொரு மரத்தின் இனம், தண்டு விட்டம், நலம். மழைநீர் இப்போது ஓடும் பாதை. பழைய குழாய்கள், கைவிட்ட தொட்டிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வைக் கோடுகள். பழைய கட்டடத்தின் வாசலில் நிற்கும் ஆளின் கண் உயரத்திலிருந்து (1.6 மீட்டர்) தோட்டத்தின் எல்லை வரை எது தெரிகிறது, தெருவிலிருந்து முகப்பு எப்படித் தெரிகிறது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். புதுக் கட்டடம் எந்த இடத்தில் எவ்வளவு உயரம் எழலாம் என்பதை அந்தக் கோடுகளே சொல்லிவிடும். பிறகு மூங்கில் கம்பும் துணியும் கட்டி, உண்மையான உயரத்தில் நிறுத்தி, எல்லாப் பக்கமிருந்தும் பாருங்கள். கணினிப் படம் ஏமாற்றும், கம்பு ஏமாற்றாது.

தரைக்கடியில் இருக்கும் கூடத்துக்கு வெளிச்சம் எப்படிப் போகிறது?

கூடத்தின் கூரைமேல் மண்ணும் புல்லும் இருக்கின்றன. கூரையின் ஒரு பகுதி மட்டும் கண்ணாடிச் சுவராக மேலெழுந்து லென்ஸ் ஆகிறது. வானத்து ஒளி அதன் வழியே பக்கவாட்டில் நுழைந்து, ‘டி’ வடிவச் சுவர்களின் வளைந்த அடிப்பகுதியில் வழுக்கிக் கீழே இறங்குகிறது. ‘மூச்சு விடும் டி’ என்று அவற்றுக்குப் பெயர். மூன்று வேலையை ஒரே உறுப்பு செய்கிறது: கூரையைத் தாங்குகிறது, தண்டுக்குள் ஏசி குழாய்களை ஒளித்துவைக்கிறது, வளைவால் ஒளியைச் சிதறடிக்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த வெளிச்சமும் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான வெளிச்சமும் அந்த வளைவில் கலக்கின்றன.

வளைவு எதற்கு? தட்டையான கூரையில் கண்ணாடிக்கு அருகே பளீரென்றும், இரண்டு மீட்டர் தள்ளி மங்கலாகவும் இருக்கும். அந்த வேறுபாடு கண்ணை உறுத்தும். வளைவு அதை மெதுவாகக் குறைத்துக்கொண்டு போகிறது. சுவரின் பூச்சு பளபளப்பில்லாத வெள்ளையாக இருக்க வேண்டும். கொஞ்சம் பளபளப்பு இருந்தாலும் வளைவு சூரியனின் பிம்பத்தைக் குவித்து ஏதாவதொரு மூலையில் சுடரும் புள்ளியாக விழ வைக்கும். வளைவில் பூச்சு வேலை செய்யும் மேஸ்திரிக்குக் கிடைமட்ட விளக்கு கொடுத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத அலைகள் பகல் வெளிச்சம் உரசிச் செல்லும்போது அப்பட்டமாகத் தெரியும்.

எந்தப் பொருளுக்கு எவ்வளவு ஒளி தாங்கும்?

இதைக் கேட்காமல் கண்ணாடி வாங்கக்கூடாது. சர்வதேச ஒளியூட்டல் ஆணையத்தின் (சி.ஐ.இ.) 2004-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பொருள்களை ஒளியுணர்வு வாரியாகப் பிரிக்கிறது. கல், உலோகம், மண்பாண்டம் ஆகியவை ஒளியால் மங்குவதில்லை. மற்றவற்றுக்கு வரம்பு உண்டு. லக்ஸ் என்பது ஒரு பரப்பின்மேல் விழும் ஒளியின் அளவு, அதை மணிக்கணக்கால் பெருக்கினால் லக்ஸ்-மணி. எண்ணெய் ஓவியம், மரம், தந்தம் போன்றவற்றுக்கு 200 லக்ஸ், ஆண்டுக்கு 6,00,000 லக்ஸ்-மணி. நீர்வண்ணம், பெரும்பாலான துணிகள் ஆகியவற்றுக்கு 50 லக்ஸ், ஆண்டுக்கு 1,50,000 லக்ஸ்-மணி. பட்டு, எளிதில் வெளிறும் சாயங்கள், பல புகைப்படங்கள் ஆகியவற்றுக்கு அதே 50 லக்ஸ், ஆனால் ஆண்டுக்கு 15,000 லக்ஸ்-மணி மட்டும்.

பலரும் ‘லக்ஸ்’ என்பதைப் பார்த்துவிட்டு ‘லக்ஸ்-மணி’யை மறந்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் திறந்திருந்தால் ஆண்டுக்குச் சுமார் 2,500 மணி. 50 லக்ஸில் ஒரு பட்டுத்துணி 300 மணி நேரத்தில், அதாவது ஆறே வாரத்தில், தன் ஓராண்டுப் பங்கைத் தீர்த்துவிடும். பிறகு இருட்டு அறைக்குப் போக வேண்டியதுதான். ஆகவே புகைப்படங்களுக்கும் துணிகளுக்கும் பகல் வெளிச்சமே படாத உள்ளறைகளைத் திட்டத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் மற்றக் கூடங்களில் ஜன்னல் வரைய வேண்டும்.

பகல் வெளிச்சத்தில் இன்னொரு சிக்கல்: அருங்காட்சியகம் மூடியிருந்தாலும் சூரியன் வேலைக்கு வந்துவிடும். ஆண்டுக்குச் சுமார் 4,380 மணி நேரம் பகல். திறந்திருக்கும் 2,500 போக, யாரும் பார்க்காத ஏறத்தாழ 1,900 மணி நேரம் ஓவியம் வீணாக வெளிச்சம் வாங்குகிறது. மூடும் நேரத்தில் எல்லாத் திரைகளும் தாமாக இறங்கும்படி செய்தாலே பாதிப்பில் பெரும் பங்கு குறைந்துவிடும். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை, மென்பொருளில் ஒரு வரிதான். ஆனாலும் விடுமுறை நாள்களை அட்டவணையில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

புற ஊதாக் கதிருக்கான வரம்பு ஒரு லூமன் (கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலகு) ஒளிக்கு 75 மைக்ரோவாட் என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். இப்போது 10-க்குள் கொண்டுவருவது கடினமில்லை. நடுவில் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம் ஒட்டிய அடுக்குக் கண்ணாடி, 380 நானோமீட்டருக்குக் கீழேயுள்ள கதிரில் 99 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். அதனால் மட்டும் ஓவியம் தப்பிவிட்டது என்று எண்ண வேண்டாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சாயத்தை வெளிறச் செய்யும்.

இதில் தமிழ் வாசகர்களுக்கு ஒரு செய்தி. நெல்சன்-அட்கின்ஸ் சேகரிப்பில் சோழர் காலக் காரைக்கால் அம்மையார் வெண்கலச் சிலை இருக்கிறது. தாளமிட்டபடி அமர்ந்திருக்கும் மெலிந்த உருவம், பலரும் படத்தில் பார்த்திருப்பார்கள். வெண்கலத்துக்கு ஒளி பகையில்லை, ஈரம்தான் பகை. உலோகத்துக்குள் குளோரைடு உப்பு தங்கியிருந்தால், ஒப்பு ஈரப்பதம் சுமார் 45 சதவீதத்தைத் தாண்டும்போது பச்சைப் பொடியாக உதிரும் ‘வெண்கல நோய்’ தொடங்கும். 50 சதவீதம் கேட்கும் ஓவியத்தையும் அதைவிட உலர்ந்த காற்றைக் கேட்கும் சிலையையும் ஒரே கூடத்தில் வைத்தால், சிலைக்குத் தனிக் கண்ணாடிப் பேழையும் அதற்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும்.

வெளியே ஒரு லட்சம் லக்ஸ், உள்ளே 200. இடையில் என்ன செய்வது?

நல்ல வெயிலில் 1,00,000 லக்ஸ். மேகமூட்டத்தில் 10,000. கூடத்துக்கு வேண்டியது 200. மேகமூட்டத்துக்கு 2 சதவீதத்தை உள்ளே விட்டால் சரி. அதே திறப்பு வெயில் நாளில் 2,000 லக்ஸைக் கொட்டும். நிலையான கண்ணாடியால் இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டைச் சமாளிக்க முடியாது. அதனால்தான் நகரும் திரை.

வரிசை இப்படி: முதலில் கட்டட வடிவம் நேர் வெயிலைத் தடுக்க வேண்டும். அடுத்து, கண்ணாடி ஒளியைச் சிதறடிக்க வேண்டும். பிறகு திரை அளவைச் சரிசெய்ய வேண்டும். கடைசியாக வளைந்த சுவர் அதைப் பரப்ப வேண்டும். முதல் படியில் கோட்டைவிட்டு, எல்லாவற்றையும் திரைமேல் போட்டால் திரை எப்போதும் மூடியே கிடக்கும். பெயருக்குப் பகல் வெளிச்சக் கூடம், உண்மையில் மின்விளக்குக் கூடம்.

திரைக் கட்டுப்பாட்டில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: மேகம் வந்து போகும் ஒவ்வொரு முறையும் திரை ஏறி இறங்குவது. பார்வையாளருக்கு எரிச்சல், மோட்டாருக்கு ஆயுள் குறைவு. உணர்வி பதினைந்து நிமிடச் சராசரியைப் பார்த்து முடிவெடுக்கட்டும். உடனடி அளவைவிட ஆண்டு மொத்தம் முக்கியம் என்பதால் சில நிமிடம் 300 லக்ஸ் போனால் எண்ணெய் ஓவியத்துக்கு ஒன்றும் ஆகாது. மேகம் நகரும்போது கூடத்தில் லேசாக ஒளி மாறுவதுதான் பகல் வெளிச்சத்தின் அழகே. அதையும் துடைத்துவிட்டால் இவ்வளவு பாடு எதற்கு?

வடிவத்தைச் சோதிக்க 1:20 அளவில் மாதிரி செய்து, வெளியே வானத்துக்குக் கீழே வைத்து, உள்ளே சிறிய லக்ஸ் மீட்டரால் அளந்தால் போதும். ஒளியலை மிகமிகச் சிறியது என்பதால் மாதிரியில் வரும் விகிதமும் உண்மைக் கூடத்தில் வரும் விகிதமும் ஒன்றே. சுவர் நிறமும் கண்ணாடியின் ஊடுருவல் அளவும் மட்டும் சரியாக இருக்க வேண்டும், அட்டையின் மூலைகளில் ஒளி கசியக்கூடாது.

‘யூ’ வடிவக் கண்ணாடியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

வார்ப்பிலேயே இரு ஓரமும் மடிந்து வரும் நீளப் பலகை அது. மடிப்பு இருப்பதால் தானே விறைப்பாக நிற்கும், இடையிடையே செங்குத்துச் சட்டம் வேண்டாம். சட்டம் இல்லாத சுவர் முழுக்க ஒரே பால்வெண்மையாக ஒளிரும். லென்ஸின் தோற்றத்துக்கு உயிர் அதுதான். சந்தையில் அதிகம் கிடைக்கும் அளவு 262 மி.மீ. அகலம், 60 மி.மீ. மடிப்பு, 7 மி.மீ. தடிமன். ஒற்றை அடுக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ, ஒன்றுக்குள் ஒன்று கோத்த இரட்டை அடுக்கு சுமார் 50 கிலோ.

பிளாக் கட்டடத்தில் வெளிப்புறம் இரட்டை ‘யூ’ அடுக்கு, உள்ளே ஒளி சிதறடிக்கும் வெப்பத்தடுப்பு. பிறகு ஓர் ஆள் உள்ளே போய் வேலை செய்யக்கூடிய இடைவெளி. அதற்குப் பின்னால் அமிலத்தால் மங்கலாக்கிய அடுக்குக் கண்ணாடி. இரும்புச் சத்து குறைந்த கண்ணாடியைப் பயன்படுத்தினார்கள். சாதாரணக் கண்ணாடியிலுள்ள இரும்பு ஆக்சைடு பச்சைச் சாயல் தரும், இத்தனை அடுக்கு சேரும்போது ஓவியத்திலுள்ள முகமெல்லாம் நோயாளி முகம்போல் தெரியும். செலவைக் குறைக்கிறோம் என்று இதை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளவே வேண்டாம்.

மணல் அடித்து மங்கலாக்குவதைவிட அமிலத்தால் செய்வது நல்லது. மணல் அடித்த பரப்பில் அழுக்கும் கைரேகையும் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் திட்டுத் திட்டாக நிற்கும்.

குளிர்காலத்தில் கண்ணாடி உள்பக்கம் வியர்க்காதா?

கணக்கைச் சரியாகப் போடாவிட்டால் கட்டாயம் வியர்க்கும். கூடம் 21 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் பனிநிலை வெப்பம் சுமார் 10 டிகிரி. கண்ணாடியின் உள்பரப்பு அதற்குக் கீழே போனால் நீர் கோக்கும். உள்பரப்பு வெப்பத்தை இப்படிக் கணக்கிடலாம்: கண்ணாடியின் வெப்பக் கடத்தல் எண்ணை (எண் குறையக் குறைய வெப்பம் குறைவாகக் கசியும்) 0.13-ஆல் பெருக்கி, உள்-வெளி வெப்ப வேறுபாட்டாலும் பெருக்கி, வரும் தொகையை 21-இலிருந்து கழியுங்கள்.

வெளியே மைனஸ் 15 என்று வைத்துக்கொள்வோம், வேறுபாடு 36. ஒற்றைக் கண்ணாடிக்கு எண் 5.7. உள்பரப்பு மைனஸ் 5.7 டிகிரிக்குப் போய்விடும், உறைபனியே படியும். பூச்சில்லாத இரட்டை ‘யூ’ அடுக்குக்கு எண் 2.8. உள்பரப்பு 7.9 டிகிரி, இன்னும் வியர்க்கும். வெப்பம் தடுக்கும் மென்பூச்சு உள்ள இரட்டை அடுக்குக்கு 1.8. உள்பரப்பு 12.6 டிகிரி, தப்பித்தோம். ஆனால் இது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டுமான கணக்கு. உலோகச் சட்டத்தின் ஓரம் இதைவிடக் குளிரும், கசிவு தொடங்குவதும் அங்கேதான். சட்டத்துக்குள் வெப்பம் கடத்தாத பாலிஅமைடு பிளாஸ்டிக் துண்டு இருக்கிறதா என்பதை வரைபடத்தில் பார்த்ததோடு விடாமல், வந்திறங்கும் சரக்கிலும் வெட்டிப் பாருங்கள்.

இரண்டு சுவர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி இங்கே உதவிக்கு வருகிறது. குளிர்காலத்தில் வெயிலால் சூடான காற்றை அங்கேயே பிடித்துவைக்கலாம், கோடையில் மேல்வழியாக வெளியேற்றலாம்.

அந்த இடைவெளியைப் பராமரிப்பது யார், எப்படி?

வரைபடத்தில் அழகாக இருந்து, பத்தாண்டில் தலைவலியாகும் பகுதி இது. 60 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் ஆள் நுழைய முடியாது, 90 செ.மீ. இருந்தால் ஏணியோடு திரும்பலாம். திரை மோட்டார், விளக்கு, உணர்வி எல்லாம் உள்ளே இருப்பதால் ஒவ்வொன்றையும் கூடத்தை மூடாமல் மாற்ற முடிய வேண்டும். காற்று உள்ளே வரும் வழியில் வடிகட்டி இல்லையென்றால் பூச்சிகள் வந்து செத்து, பால்வெண் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அடிச்சட்டத்தின் நீர் வடியும் துளைகளை மழைக்காலத்துக்கு முன்பு ஆண்டுதோறும் சுத்தம் செய்ய வேண்டும். மொத்தக் கண்ணாடியில் மூன்று சதவீதம் அளவுக்கு அதே உற்பத்தியிலிருந்து உபரியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு வாங்கினால் நிறம் சேராது, ஒற்றைப் பலகை மட்டும் தனித்துத் தெரியும்.

புல் முளைத்த கூரை ஒழுகாதா?

ஒழுகும் கூரைகள் உண்டு. அவை ஒழுகுவதற்குப் புல் காரணமில்லை, விளிம்புதான் காரணம். நடுத்தளத்தில் ஓட்டை விழுவது அரிது. கண்ணாடிச் சுவர் புல்வெளியைத் தொடும் இடம், குழாய் துளைத்து வரும் இடம், தளமூட்டு ஆகிய மூன்றும்தான் பிரச்சினை.

எடையிலிருந்து தொடங்குவோம். செடம் போன்ற சதைப்பற்றுச் செடிக்கு 8 முதல் 15 செ.மீ. மண் போதும். புல்லுக்கு 20 முதல் 30. புதர்களுக்கு 40 முதல் 60. மரத்துக்கு ஒரு மீட்டர் அளவு. 30 செ.மீ. மண் நனைந்தால் சதுர மீட்டருக்கு 540 கிலோ வரை வரும். ஓர் அலுவலகத் தளத்துக்குக் கணக்கிடும் பயன்பாட்டு எடையைவிட இது அதிகம். இதற்குமேல் ஆள்கள், புல்வெட்டும் வண்டி, சிற்பம் தூக்கும் கிரேன். கிரேன் எங்கே நிற்கலாம் என்று தொடக்கத்திலேயே ஒரு பாதையைக் குறித்து, அதற்கடியில் மட்டும் தளத்தை வலுவாக்கினால் செலவு கட்டுக்குள் இருக்கும்.

அடுக்குகள் கீழிருந்து மேலாக: 2 சதவீதம் சாய்வுள்ள கான்கிரீட், நீர்க்காப்புப் படலம், வேர் துளைக்காத படலம், நீர் ஊறாத வெப்பத்தடுப்புப் பலகை, வடிகால் அடுக்கு, மண் கசியாத வடிதுணி, மண். நீர்க்காப்பு முடிந்ததும் 48 மணி நேரம் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டும். மின்முறைக் கசிவுச் சோதனையும் செய்துவிடுங்கள். மண் போட்ட பிறகு கசிவைத் தேடுவது, தோட்டத்தையே தோண்டுவதற்குச் சமம்.

கண்ணாடி ஓரத்தில் நீர்க்காப்பு, மண் மட்டத்துக்குமேல் குறைந்தது 15 செ.மீ. ஏறி நிற்க வேண்டும். அதையொட்டி 30 செ.மீ. அகலத்துக்குக் கல்தளப் பட்டை. மழைத்துளி தெறித்துக் கண்ணாடியின் அடியில் சேற்றுக்கறை படியாமல் இருக்கவும், புல்வெட்டும் இயந்திரம் கண்ணாடிக்கு அருகில் வராமல் இருக்கவும் இந்தப் பட்டை. இயந்திரம் தெறிக்கவிடும் சிறு கல் ஒன்றே பலகையை உடைத்துவிடும், அதனால் அங்கே உதிரிச் சரளை போடக்கூடாது.

பழைய மரங்களுக்கும் பழைய அடித்தளத்துக்கும் அருகே தோண்டலாமா?

மரத்துக்கு ஒரு கைக்கணக்கு உண்டு: மார்பு உயரத்தில் தண்டு விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் தோண்டக்கூடாது, மண் கொட்டக்கூடாது, வண்டி நிறுத்தக்கூடாது. 60 செ.மீ. தண்டுக்கு 7.2 மீட்டர். முதல் வேலையாள் உள்ளே வருவதற்கு முன் வேலி நிற்க வேண்டும். மரங்கள் அதிகமும் சாவது தோண்டுவதால் இல்லை, வண்டிகள் ஏறி மண் இறுகுவதால். பட்டுப்போவது மூன்று நான்கு ஆண்டு கழித்துத்தான் தெரியும், அப்போது ஒப்பந்ததாரர் கணக்கு முடித்துப் போயிருப்பார்.

பழைய கட்டடத்துக்கு அருகே அதிர்வு, நொடிக்கு 3 மி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது நினைவுச்சின்னங்களுக்கு ஜெர்மானியத் தரநிலை சொல்லும் வரம்பு. வேலை தொடங்கும் முன் எல்லா விரிசல்களையும் படமெடுத்து, அளவுகோல் ஒட்டி, வாரந்தோறும் குறித்துவையுங்கள். நிலத்தடி நீரை இறைத்தால் பழைய அடித்தளத்துக்கடியிலுள்ள மண் சுருங்கும். இறைக்கும் அளவும் கட்டடம் இறங்கும் அளவும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

வெயிலிலிருந்து நேரே மங்கலான கூடத்துக்குள் நுழைபவருக்குக் கண் தெரியுமா?

சில நிமிடம் தெரியாது. 50 லக்ஸ் கூடம் இருட்டு என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இப்படிப்பட்டவை. வழியைத்தான் மாற்ற வேண்டும். முகப்பு மண்டபத்தில் 500 முதல் 1,000 லக்ஸ், அடுத்து எண்ணெய் ஓவியம் உள்ள 200 லக்ஸ் கூடம், அதன் பிறகே 50. பிளாக் கட்டடத்தில் நடை நீளமாகவும் மெல்லச் சரிவாகவும் இருப்பதால் இந்தப் படிநிலைக்கு இடம் கிடைக்கிறது.

சரிவுக்கும் கணக்கு வேண்டும். 3 மீட்டர் இறங்க, 20-க்கு 1 சாய்வில் 60 மீட்டர் நடை. சக்கர நாற்காலியில் வருபவர் கைப்பிடி இல்லாமலே போகலாம். 12-க்கு 1 என்றால் 36 மீட்டரும், இடையில் மூன்று ஓய்வுத் தளங்களும். நிலம் நீளமாக இருந்தால் தயங்காமல் முதலாவதை எடுங்கள்.

இரவில் கட்டடம் ஒளிர்கிறதே, அது தேவைதானா?

லென்ஸ்களின் இடைவெளிக்குள்ளிருக்கும் விளக்குகளால் அவை இரவில் தோட்டத்துக்கே விளக்காகின்றன. கட்டும்போது வெற்றுக் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து நகரத்தார் பலர் முகம் சுளித்தார்கள், விளக்கேற்றிய பிறகுதான் மனம் மாறினார்கள். அளவோடு செய்ய வேண்டும். தோட்டம் மூடியதும் குறைக்க வேண்டும், பறவைகள் வலசை போகும் மாதங்களில் அணைக்க வேண்டும்.

கார்களை எங்கே வைத்தார்கள்?

வடக்கு முற்றத்துக்கடியில். மேலே ஆழமில்லாத நீர்த்தொட்டி, அதில் சிற்பி வால்டர் டி மரியாவின் ‘ஒரு சூரியன், 34 நிலவுகள்’ என்ற படைப்பு. தொட்டியின் தரையில் பதித்த 34 வட்டக் கண்ணாடிகள் வழியே பகலில் ஒளி தண்ணீரைக் கடந்து வண்டி நிறுத்துமிடத்துக்குள் விழுகிறது. கலையின் முதல் அனுபவம் வண்டியை விட்டு இறங்கியதும் தொடங்கிவிடுகிறது. இந்த ஒரு முடிவுக்காகவே அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்க்கலாம்.

இதே முறையைச் சென்னையிலோ மதுரையிலோ செய்ய முடியுமா?

அப்படியே எடுத்துப் போட முடியாது. கான்சஸ் சிட்டி 39 டிகிரி வடக்கில் இருக்கிறது, நண்பகல் சூரியன் அங்கே எப்போதும் தெற்கில்தான். வடக்குக் கண்ணாடியில் அதிகாலை, மாலை தவிர நேர் வெயில் படாது. சென்னை 13 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடுகிறது. ஜூன் 21 அன்று வடக்கே ஏறத்தாழ 80 டிகிரி உயரத்தில் நிற்கும். ‘வடக்கு வெளிச்சம் பாதுகாப்பானது’ என்ற பாடநூல் வரி இங்கே நான்கு மாதம் செல்லாது. ஒரு மீட்டர் உயரக் கண்ணாடிக்கு 20 செ.மீ. மேல்நீட்டம் நண்பகலைச் சமாளிக்கும். காலை, மாலைச் சாய்வெயிலுக்குச் செங்குத்துத் தடுப்புகளும் வேண்டும்.

வியர்ப்பதும் தலைகீழாகும். இங்கே வெளிக்காற்றின் பனிநிலை பல மாதங்கள் 25 டிகிரியைத் தொடும். ஏசி போட்ட கூடத்தின் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்க்கும், பாசி பிடிக்கும். ஈரத்தடுப்புப் படலம் அங்கே சுவரின் உள்பக்கம், இங்கே வெளிப்பக்கம். வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே நகலெடுத்தால் சுவருக்குள் பூஞ்சை வளரும்.

கண்ணாடிப் பரப்பைப் பாதி அளவைவிடக் குறைத்துவிடலாம், நம் வானத்தின் பிரகாசத்துக்கு அதுவே தாராளம். மண்ணுக்குள் போவதும் பூமிக்கூரையும் இங்கே வெப்பத்தைத் தடுக்க இன்னும் நன்றாகவே பயன்படும், பெருமழைக்கு வடிகாலும் நீரேற்று மோட்டாருக்கு மாற்று மின்சாரமும் இருந்தால். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம் அருகில் இருந்தால், 2010-இல் திருத்திய சட்டப்படி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். நிலம் தேர்ந்தெடுக்கும் முன்பே பார்க்க வேண்டிய விஷயம் இது.

வேறு எந்தக் கட்டடங்களைப் பார்க்கலாம்?

டென்மார்க்கின் லூசியானா அருங்காட்சியகம் (1958). ஒரு பழைய மாளிகையிலிருந்து கிளம்பும் தாழ்வான கண்ணாடி நடைபாதை, மரங்களைச் சுற்றி வளைந்து கடலை நோக்கிப் போகிறது. டெக்சாஸின் கிம்பெல் (1972), லூயி கான் வரைந்தது. கான்கிரீட் வளைகூரையின் உச்சியில் ஒடுக்கமான பிளவு, அதற்கடியில் ஒளியைத் திருப்பிக் கூரைமேல் வீசும் துளையிட்ட அலுமினியத் தகடு. 2013-இல் அதன் எதிரே ரென்சோ பியானோ சேர்த்த மண்டபத்தையும் சேர்த்துப் பாருங்கள். புகழ்பெற்ற கட்டடத்துக்கு எதிரில் எவ்வளவு தள்ளி, எவ்வளவு தாழ்வாக நிற்பது என்பதற்கு அது நல்ல பாடம்.

பணம் போதவில்லை என்றால் எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது?

பரப்பைக் குறையுங்கள். ஐந்து லென்ஸுக்குப் பதில் மூன்று கட்டுங்கள். தரைக்கல், மண்டபத்து மரவேலை, உணவகம் எல்லாவற்றையும் பிறகு செய்துகொள்ளலாம். நீர்க்காப்பு, இரும்பு குறைந்த கண்ணாடி, திரைக் கட்டுப்பாடு, உண்மை அளவில் கட்டிப் பார்க்கும் மாதிரிச் சுவர் ஆகிய நான்கிலும் கைவைக்க விடாதீர்கள். மாதிரிச் சுவர்தான் முதலில் வெட்டுப்படும். மூன்று மீட்டர் அகலத்துக்குச் சுவர், கண்ணாடி, திரை, புல் விளிம்பு வரை முழுதாகக் கட்டி, தண்ணீர் பீய்ச்சி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் நிற்கவிட வேண்டும். உள்ளே நீல நிற ஒளிச்சோதனைத் துணியை ஒட்டிவைத்தால் எவ்வளவு வெளிறுகிறது என்பதும் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் அதற்குத் தனி வரியும் தனித் தொகையும் எழுதி, கண்ணாடிக்கான கொள்முதல் ஆணை மாதிரிச் சுவரின் முடிவு வந்த பிறகே போகும் என்று நிபந்தனை சேருங்கள்.